மிட்வெஸ்ட் கிராமத்துச் சாலைகளில் நிதானமாக ஒரு கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நண்பர்களும், ஊரிலிருந்து வந்து அவர்களோடு சில மாதம் தங்கும் பெற்றோர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வடமேற்கு இல்லினாய், அயோவா, தென்மேற்கு விஸ்கான்சின், தென்கிழக்கு மினசோட்டா ஆகியவைதான் இங்கே பேசப்படும் பகுதி.

சோளக்காட்டைத் தவிர அங்க பாக்க என்னதான் இருக்கு?

80-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் அயோவாவைக் கடந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அந்தச் சாலையிலிருந்து பார்த்தால் சோளக்காடுதான் தெரியும். இறங்கி உள்ளே போனால்தான் ஊர்கள். கிரின்னெல் என்ற சின்ன ஊரின் முனையில் லூயிஸ் சல்லிவன் 1914-இல் கட்டிய வங்கிக் கட்டடம் நிற்கிறது. வானளாவிய கட்டடங்களால் பேர் வாங்கிய அவர், கடைசிக் காலத்தில் இப்படிச் சின்ன ஊர்களுக்கு எட்டு வங்கிகள் வடிவமைத்தார். ஸ்பில்வில் என்ற செக் குடியேறிகளின் ஊரில் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் 1893 கோடையைக் கழித்தார். அவர் ஆர்கன் வாசித்த தேவாலயம் இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்த இடம். டெக்கோரா நார்வேக்காரர்களுடையது, பெல்லா டச்சுக்காரர்களுடையது, விஸ்கான்சினின் நியூ கிளாரஸ் 1845-இல் சுவிஸ்காரர்கள் அமைத்தது. அமானா என்ற ஏழு ஜெர்மன் கிராமங்களில் 1932 வரை சொத்தும் பொது, சமையலறையும் பொது. இதெல்லாம் பிடிக்காது, எனக்கு மலையும் அருவியும் வேண்டும் என்றால் கொலராடோவுக்கு விமானம் ஏறுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எத்தனை நாள் வேணும்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

மூன்று இரவு இருந்தால் நல்லது, இரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம். தூரம்தான் முக்கியம்: சிகாகோவிலிருந்து கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் தவிர, ஒரு நாளைக்கு 120 மைலைத் தாண்டாதீர்கள். நம்மவர்கள் விடுமுறை என்றாலே 600 மைல் ஓட்டி நான்கு இடத்தில் படம் எடுத்துத் திரும்புவார்கள். இந்தப் பயணத்தில் அப்படிச் செய்தால் நிஜமாகவே சோளக்காடு மட்டும்தான் பார்ப்பீர்கள். 120 மைல் என்பது இருவழிச் சாலையில் மூன்று மணி நேர ஓட்டம். மீதி நேரம் இறங்கி நடப்பதற்கு.

முதல் தடவை போறோம். நேரா ஒரு வழி சொல்லிடுங்களேன்.

சிகாகோவிலிருந்து ராக்ஃபோர்டு வரை வேகமாகப் போய்விடுங்கள், அங்கே நிதானத்துக்கு வேலை இல்லை. பிறகு யூ.எஸ். 20-இல் ஃப்ரீபோர்ட்டைத் தாண்டி, லீனா ஊருக்குள் திரும்பி ஸ்டேஜ்கோச் டிரெயில் என்ற பழைய குதிரை வண்டிப் பாதையைப் பிடியுங்கள். வாரன், ஆப்பிள் ரிவர், ஸ்கேல்ஸ் மவுண்ட் என்று வரிசையாகச் சின்ன ஊர்கள். இல்லினாய் தட்டை என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்தச் சாலையின் ஏற்ற இறக்கம் ஆச்சரியமாக இருக்கும். கடைசிப் பனியுகத்தின் பனிப்பாறைகள் தேய்க்காமல் விட்ட பகுதி இது. அதனால்தான் மேடும் பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கின்றன. முதல் இரவு கலீனாவில். ஈயச் சுரங்கத்தால் செழித்த ஊர் அது, பின்னாளில் அமெரிக்க அதிபரான யுலிசஸ் கிராண்ட் வாழ்ந்த வீடும் உண்டு. சனிக்கிழமை கூட்டம் அலைமோதும், வார நாளில் போனால் நல்லது.

இரண்டாம் நாள் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து டபியூக். அங்கிருந்து வடக்கே கிரேட் ரிவர் ரோடு. கப்பல் சுக்கான் சக்கரம் வரைந்த பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். பால்டவுன், குட்டன்பர்க் வழியாக மெக்கிரெகர் வந்துவிடும். ஊருக்கு மேலே பைக்ஸ் பீக் மாநிலப் பூங்காவில், விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலப்பதை மேலிருந்து பார்க்கலாம். சற்று வடக்கே எஃபிஜி மவுண்ட்ஸில் பூர்வகுடிகள் எழுப்பிய 200-க்கும் மேற்பட்ட மண்மேடுகள் உள்ளன, அவற்றில் சில கரடி வடிவிலும் பறவை வடிவிலும் இருக்கும். என்னைக் கேட்டால் இந்த வழியில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. இரவு டெக்கோரா.

மூன்றாம் நாள் ஸ்பில்வில் பார்த்துவிட்டு, மார்க்கெட் (Marquette) என்ற ஊரில் பாலம் ஏறி விஸ்கான்சினுக்குள் நுழைந்து, விஸ்கான்சின் ஆற்றை ஒட்டியே போகும் 60-ஆம் எண் மாநிலச் சாலையில் ஸ்பிரிங் கிரீன் வரை. இரவு அங்கே, அல்லது கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டிய கல்வீடுகள் உள்ள மினரல் பாயின்ட்டில். நான்காம் நாள் நியூ கிளாரஸ் வழியாக வீடு.

எந்த மாசம் போகலாம்?

மே கடைசி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. ஜூலையில் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கண்காட்சிகள் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்றையும் பன்றியையும் போட்டிக்குக் கொண்டுவருவதைப் பார்க்க அதுதான் காலம், ஆனால் வெயிலும் புழுக்கமும் சென்னையை ஞாபகப்படுத்தும். மார்ச், ஏப்ரலில் பனி உருகிக் கிராமச் சாலைகள் சேறாகும். குளிர்காலத்தில் இந்தச் சாலைகளுக்குப் பழக்கமில்லாதவர்கள் போக வேண்டாம்.

ரோடெல்லாம் ஏன் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு?

ஸ்கேல் வைத்துத்தான் போட்டார்கள். 1785-இல் வந்த நிலச் சட்டப்படி, குடியேறிகளுக்கு விற்பதற்கு முன்பே நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அந்தத் துண்டுகளின் எல்லையில் சாலை வந்தது. அதனால்தான் மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை. பூமி உருண்டையாக இருப்பதால் வடக்கே போகப் போகச் சதுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அதைச் சரிக்கட்டிய இடங்களில் நேர்ச்சாலை திடீரென்று ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். இரவில் கவனம்.

அயோவாவின் கவுன்டி சாலைகளுக்கு ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயர். ஆங்கில எழுத்தில் ஏ முதல் ஜே வரை என்றால் கிழக்கு மேற்காகப் போகும் சாலை, கே முதல் இசட் வரை என்றால் வடக்கு தெற்கு. நீலப் பலகையில் இருக்கும். இது தெரிந்தால் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் திசை தப்பாது. விஸ்கான்சினில் கவுன்டி சாலைகளுக்கு எழுத்து மட்டும்தான், திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜிபிஎஸ்ல 'ஹைவே வேண்டாம்'னு போட்டுட்டுப் போனாப் போதாதா?

போதாது. அதற்கு நல்ல தார்ச்சாலையும் வயலுக்குப் போகும் மண்பாதையும் பல நேரம் ஒன்றுதான். அயோவாவில் 'லெவல் பி' என்று பலகை வைத்த பாதைகள் உண்டு. பராமரிப்பு மிகக் குறைவு, உங்கள் பொறுப்பில் போங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். மழை பெய்தபின் அதில் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். மாநில எல்லை வரவேற்பு மையங்களில் காகித வரைபடம் இலவசமாகக் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் காணாமல் போகும்.

ஜல்லி ரோட்டுல ஓட்டலாமா? வாடகைக் கார் தாங்குமா?

கார் தாங்கும், ஒப்பந்தம் தாங்குமா என்று பாருங்கள். தார் போடாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் வரி இருக்கும். சொந்தக் கார் என்றால் 35, 40 மைல் வேகத்தில் போகலாம். திடீர் பிரேக், திடீர்த் திருப்பம் இரண்டும் கூடாது. முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாக விலகி வாருங்கள், புழுதியும் கல்லும் கண்ணாடியைப் பதம் பார்க்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நாற்சந்திகள். ஜல்லிச் சாலைகள் சந்திக்கும் பல இடங்களில் ஸ்டாப் பலகையே கிடையாது. வலப்பக்கம் வருபவருக்கு வழி விட வேண்டும் என்பதே விதி. ஜூலைக் கடைசிக்கு மேல் சோளம் ஆளுயரம் தாண்டிவிடும், குறுக்கே வரும் வண்டி தெரியவே தெரியாது. பலகை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தத் தயாராகவே போங்கள்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

காலையில் கவலையே இல்லை. முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட், மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ஹாஷ் பிரவுன், டோஸ்ட், ஓட்ஸ். பான்கேக் மாவில் முட்டை இருக்கும். ஹாஷ் பிரவுனை வார்க்கும் அதே தட்டில்தான் பேக்கன் என்ற பன்றி இறைச்சியும் வேகும், அது பரவாயில்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மதியம் கிரில்டு சீஸ் எங்கேயும் கிடைக்கும். விஸ்கான்சினில் சீஸ் கர்ட்ஸ் (புதுச் சீஸின் சின்னத் துண்டுகள்) கேளுங்கள். அன்றைக்குச் செய்த கர்ட்ஸ் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் போடும்.

மாட்டிவிடுபவை வேறு. பீன்ஸ் பொரியல் மாதிரி வருவதில் பேக்கன் துண்டு இருக்கும். காய்கறி சூப்பு மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். சாலட்டின் மேல் பேக்கன் தூவியிருப்பார்கள். ஜெல்லியில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். ஆப்பிள் பையின் மேலோடு சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் பிசைந்தது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் கோழி பரவாயில்லையா என்று அன்போடு கேட்பார்கள். இறைச்சி, கோழி, மீன், பேக்கன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று பட்டியலாகச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் சமையலறைக்குப் போய் விசாரித்து வருவார்கள்.

இறைச்சி ஆலைகள் உள்ள போஸ்ட்வில், மார்ஷல்டவுன், ஸ்டார்ம் லேக் போன்ற ஊர்களில் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் நிறைய. அங்கே நல்ல மெக்சிகன் கடைகள் உண்டு, காரமும் கிடைக்கும். அவர்களிடமும் பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி புளியோதரையும் ஊறுகாயும் எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா ஊர்ப் பூங்காவிலும் நிழலோடு மேசை போட்டிருப்பார்கள்.

எங்க போனாலும் கடை மூடியே இருக்கே?

ஞாயிறும் திங்களும் போயிருப்பீர்கள். திங்களன்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் விடுமுறை. பல ஊர்களில் காலை உணவுக் கடைகள் ஆறு மணிக்குத் திறந்து மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடும். எட்டு மணிக்கு மேல் சாப்பாடு தேடினால் பெட்ரோல் பங்க் பீட்சாதான். அதையும் குறைத்து எண்ண வேண்டாம். 1968-இல் அயோவாவின் பூன் நகரில் தொடங்கிய கேசீஸ் கடைகளின் பீட்சாவுக்கு இங்கே தனி ரசிகர் கூட்டமே உண்டு. கழிப்பறைக்கும் இந்தக் கடைகள்தான், இல்லையென்றால் ஊர் நூலகம்.

எதிர்ல வர்றவங்க ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குறாங்க. திட்டுறாங்களா?

ஆள்காட்டி விரல் என்றால் வணக்கம். நீங்களும் தூக்குங்கள். ஊரின் பிரதான வீதியில் இது குறையும், ஜல்லிச் சாலையில் கட்டாயம்.

நம்ம நிறத்தைப் பாத்து ஏதாவது பிரச்சினை பண்ணுவாங்களா?

கவனிப்பார்கள். முந்நூறு பேர் உள்ள ஊரில் வெளியூர்க் கார் எது வந்தாலும் கவனிப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் நான்கு தலை திரும்பும். நீங்களே முதலில் ஒரு ஹலோ சொன்னால் பெரும்பாலும் அத்தோடு சரியாகி, எங்கிருந்து வருகிறீர்கள், பயிர் நிலவரம் பார்த்தீர்களா என்று பேச்சு ஓடும். அரசியல் கொடிகளும் பலகைகளும் நிறைய கண்ணில் படும். அதைப் பற்றிப் பேச்சைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

எங்கேயும் முகம் கொடுக்காத ஆள் ஒருவராவது இருப்பார், இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கடையை விட்டு வெளியேறி அடுத்த ஊருக்குப் போய்விடுங்கள், எட்டு, பத்து மைலில் இன்னொரு ஊர் இருக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள்: வழி தவறினாலும் வீடுகளின் தனிப்பாதைக்குள் நீளமாக ஓட்டிப் போகாதீர்கள். இருட்டிய பிறகு அறவே வேண்டாம். இது எல்லாருக்கும் பொருந்தும்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அவங்களுக்குப் பிடிக்குமா?

விவசாயக் குடும்பம் என்றால் உங்களைவிட அவர்களுக்குத்தான் பிடிக்கும். நயாகராவை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்த அப்பாக்கள், ஓர் அறுவடை எந்திரம் எத்தனை வரிசையை ஒரே மூச்சில் அறுக்கிறது என்று வரப்போரம் நின்று எண்ணுவார்கள். அயோவாவின் கலோனா போன்ற ஊர்களில் மாட்டு ஏலம் நடக்கும். யாரும் உள்ளே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். கையை மட்டும் சும்மா தூக்காமல் இருந்தால் சரி, மாடு உங்கள் பேரில் விழுந்துவிடும்.

விஸ்கான்சின் பக்கம் மேட்டுச் சரிவில் வளைந்து வளைந்து பட்டையாகப் பயிரிட்டிருப்பதைக் காட்டுங்கள். மண் அரிப்பைத் தடுக்க இந்த முறையை நாட்டிலேயே முதலில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் செய்துகாட்டிய இடம் கூன் வேலி (Coon Valley) என்ற ஊர்ப் பக்கம், ஆண்டு 1933. முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: பைக்ஸ் பீக்கில் காட்சிமேடை வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, எஃபிஜி மவுண்ட்ஸில் செங்குத்தாக ஏற வேண்டும்.

வயல்ல அவ்வளவு சோளம் இருக்கே, ரெண்டு கதிர் பறிச்சுக்கலாமா?

கூடாது, அது திருட்டு. பறித்தாலும் வாயில் வைக்க முடியாது. கண்ணில் படும் மக்காச்சோளம் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போவது, கல் மாதிரி காய்ந்தபின் அறுப்பார்கள். தின்பதற்கான இனிப்புச் சோளத்தை ஜூலை, ஆகஸ்ட்டில் சாலையோரம் மேசை போட்டு விற்பார்கள். ஆள் இருக்க மாட்டார், ஒரு டப்பா இருக்கும். விலைப்பலகை பார்த்துப் பணத்தைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு டாலர் நோட்டுகள் கைவசம் இருக்கட்டும்.

பங்க்ல 88-னு ஒண்ணு மலிவா இருக்கே, போடலாமா?

அதில் 15 சதவீதம் எத்தனால், மேலே சொன்ன அதே சோளம்தான். 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதித்திருக்கிறது. ஆனாலும் பெட்ரோல் மூடியிலோ கையேட்டிலோ ஒருமுறை பாருங்கள். இன்னும் மலிவாக, எத்தனால் மிக அதிகமாக இருக்கும் இ85 வேறு. ஃப்ளெக்ஸ் ஃபியூவல் வண்டிகளுக்கு மட்டும்தான் அது, மற்ற வண்டியில் போடவே கூடாது. பாதித் தொட்டி குறைந்ததும் நிரப்பிவிடுங்கள்.

குதிரை வண்டியில போறவங்களைப் படம் எடுக்கலாமா?

அவர்கள் ஆமிஷ் மக்கள், நவீன வசதிகளைத் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர். கலோனா, மினசோட்டாவின் ஹார்மனி, விஸ்கான்சினின் கேஷ்டன், இல்லினாயின் ஆர்தர் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். முகம் தெரியப் படம் எடுப்பதை அவர்கள் மதம் சார்ந்து விரும்புவதில்லை. வண்டியை நிறுத்தி நெருங்கிப் போய் எடுப்பது அநாகரிகம். ரொட்டியோ மரச்சாமானோ வாங்கினால் நன்றாகப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கிடையாது.

மேட்டின் உச்சியில் ஏறும்போது மறுபக்கம் குதிரை வண்டி இருக்கலாம் என்று நினைத்தே ஏறுங்கள். ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய எந்த வண்டியும், டிராக்டர் உட்பட, மெதுவாகப் போவது. டிராக்டர்காரர் வலப்பக்கம் ஒதுங்கினால் வழி விடுகிறார் என்று நினைத்து முந்தாதீர்கள். இடப்பக்கம் வயலுக்குத் திரும்ப அகலம் எடுப்பவராக இருக்கலாம்.

மான் குறுக்க வந்தா?

பிரேக் மட்டும் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். மரத்திலோ எதிர்வண்டியிலோ மோதுவதைவிட மானில் மோதுவது குறைந்த சேதம். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். நவம்பரில் தொல்லை அதிகம். இருட்டுவதற்குள் தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்வதுதான் வழி. 120 மைல் கணக்கு இதற்கும் உதவும்.

திடீர்னு சைரன் அடிச்சா என்ன பண்றது?

முதலில் வானத்தையும் கடிகாரத்தையும் பாருங்கள். இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கும், மினசோட்டாவில் முதல் புதன் மதியம் 1 மணிக்கும் சோதனைக்காக அடிப்பார்கள். அது இல்லாமல் வானமும் கறுத்திருந்தால் சுழற்காற்று எச்சரிக்கை. அருகில் உள்ள உறுதியான கட்டடத்துக்குள் போய் நிலவறை, அது இல்லையென்றால் ஜன்னலில்லாத உள்ளறை. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள், காற்று அங்கே இன்னும் மோசமாகும்.

வானொலியில் எச்சரிக்கை கவுன்டி பெயரைச் சொல்லித்தான் வரும். எந்தக் கவுன்டியில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் பலர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லையைக் கடக்கும்போது பலகை வரும், அதைப் படித்து மனதில் வையுங்கள்.

எலெக்ட்ரிக் கார்ல போக முடியுமா?

முடியும், ஆனால் வழியை சார்ஜர் தீர்மானிக்கும். வேக சார்ஜர்கள் இன்டர்ஸ்டேட்டை ஒட்டியே அதிகம். தங்கும் விடுதியில் இரவு முழுக்கச் சொருகி வைக்க வசதி உண்டா என்று கேட்டு அறை எடுங்கள். இருந்தால் நான் சொன்ன தூரத்துக்குத் தாராளமாகப் போதும்.

சில ஊர் பாதி காலியாக் கிடக்கு. ஏன் அப்படி ஆச்சு?

குதிரை வண்டியில் தானியத்தை ரயிலடிக்குக் கொண்டுபோய் அன்றைக்கே திரும்ப வேண்டிய காலத்தில், சில மைலுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. உயரமான தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, தேவாலயம், வங்கி என்று எல்லா ஊரும் ஒரே அச்சில் இருப்பது அதனால்தான். லாரி வந்ததும் அந்தத் தேவை போயிற்று. எந்திரங்கள் பெருகி, பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பமே உழுகிறது. 1980களின் விவசாயக் கடன் நெருக்கடியில் பலர் நிலத்தையே இழந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிகளை இணைத்தார்கள். மூன்று ஊர்ப் பெயரை ஒட்டவைத்த பள்ளிப் பேருந்துகள் எதிரே வருவதைப் பார்க்கலாம். அதன் ஸ்டாப் பலகை நீண்டால் இருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் நீங்களும் நிற்க வேண்டும், மறக்காதீர்கள்.

எல்லா ஊரும் தேயவில்லை. கல்லூரி உள்ள டெக்கோரா, கிரின்னெல், ஜன்னல் தொழிற்சாலையும் விவசாய எந்திரத் தொழிற்சாலையும் உள்ள பெல்லா போன்றவை கலகலப்பாகவே இருக்கின்றன. கவுன்டி நீதிமன்றம் இருக்கும் ஊரும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அயோவாவில் மட்டும் 99 கவுன்டிகள். வரைபடத்தில் அறை தேடும்போது முதலில் கவுன்டித் தலைநகரைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.